வயசைத் தப்பாகச் சொன்ன சீட்டு

அத்தியாயம் 4

“பணம் போனா போகட்டும். எனக்கு அந்த ஆள் வேணும்.”

நான்கு தலையணை முட்டுக் கொடுத்துக் கட்டிலில் உட்கார்ந்திருந்த காப்பீட்டுக் கம்பெனி மேலாளர் இதைச் சொல்லிவிட்டு மார்பைப் பிடித்துக்கொண்டார். பைபாஸ் ஆபரேஷன் ஆகி இருபத்தாறு நாள். கோபமே படக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மனைவி தண்ணீர் டம்ளரை நீட்டினாள். அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை.

எதிர் நாற்காலியில் மேடம். இருபது வருஷம் ஆஸ்பத்திரி பில்களைத் தணிக்கை செய்து சலித்துப்போய், ஐம்பதாவது வயதில் துப்பறியும் நிறுவனம் ஆரம்பித்தவர். நிறுவனம் என்றால் ஒரு அறை, இரண்டு மேசை, ஒரு உதவியாளன். அந்த உதவியாளன் சுவரோரமாக நின்று, கட்டில் பக்கத்து மேசையில் இருந்த மருந்து டப்பாக்களை எண்ணிக்கொண்டிருந்தான். முப்பத்தெட்டு வயது. ஒன்பது வருஷம் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியாகப் பையைத் தூக்கிக்கொண்டு அலைந்தவன். அந்த உத்தியோகம் போனாலும் பட்டம் போகவில்லை. எல்லோருக்கும் அவன் ‘மாத்திரை’.

“முதல்ல இருந்து சொல்லுங்க சார்,” என்றார் மேடம்.

“இந்த நாட்டுல பாதிப் பேர் பையில இருக்கிறது எங்க கம்பெனி மருத்துவக் காப்பீட்டு அட்டை. ஆஸ்பத்திரியில இருந்து கிளெய்ம் வரும். யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கூடாதுன்னு கடைசிக் கையெழுத்து என்னுது. எனக்கு நெஞ்சுவலி வந்தது, ஆபரேஷன் ஆச்சு, பிழைச்சேன். வீட்டுக்குக் கிளம்பற அன்னிக்கு லெட்டர் வருது. ‘தங்களுக்கு எட்டு வருடங்களாக ரத்த அழுத்தம் இருந்ததை மறைத்துவிட்டீர்கள். ஆகவே பணம் தர இயலாது.’ எனக்கே! சட்டை போட்டு, செருப்பு மாட்டி, ஒரு முழு நாள் அந்த ரூம்லயே உக்காந்திருந்தேன். பில் கட்டினாத்தான் வெளிய விடுவானாம். என் மச்சான் வீட்டுப் பத்திரத்தைத் தூக்கிக்கிட்டு ஓடினான்.”

“நீங்க ஒரு போன் பண்ணியிருந்தா…”

“முடியாது. ஊழியர்களோட கிளெய்மை நாங்களே பார்க்கக் கூடாதுன்னு சட்டம். வெளி ஏஜென்சிதான் பார்க்கும். அவங்களுக்கு யாரோ தபால்ல இதை அனுப்பியிருக்கான்.”

அவர் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு நகலை எடுத்தார். ஏதோ ஒரு தெருவில் இருக்கும் ஏதோ ஒரு டாக்டரின் மருந்துச் சீட்டு. தேதி எட்டு வருஷத்துக்கு முந்தையது. அவர் பெயர், வயது ஐம்பத்திரண்டு, ரத்த அழுத்தம், தினமும் ஒரு மாத்திரை, கீழே வட்ட முத்திரை.

“இந்த டாக்டர் மூஞ்சியையே நான் பார்த்ததில்லை. மருத்துவப் பதிவேட்டைப் புரட்டச் சொன்னேன். இப்படி ஒரு டாக்டரே கிடையாது! எல்லாத்தையும் சத்தியப் பிரமாணமா எழுதி, கையெழுத்துப் போட்டு, போலீஸ்ல ஒண்ணு, ஆஸ்பத்திரி வழியா மேல்முறையீட்டுக்கு ஒண்ணுன்னு கொடுத்தாச்சு. போலீஸ் நகர மாட்டேங்குது. நீங்க கண்டுபிடிங்க. அவன் கையில விலங்கு மாட்டறதை என் கண்ணால பார்க்கணும்.”

மாத்திரை சீட்டை எட்டிப் பார்த்தான். “மேடம், இது போலிதான். சந்தேகமே இல்லை.”

“எப்படி?”

“படிக்க முடியுதே! ஒன்பது வருஷத்துல எத்தனை டாக்டர் எழுத்தைப் பார்த்திருக்கேன். மையில விழுந்த எறும்பு எழுந்து நடந்த மாதிரி இருக்கும். இது பள்ளிக்கூடத்துல கையெழுத்துப் போட்டியில பரிசு வாங்கின எழுத்து.”

மேலாளருக்குச் சிரிப்பு வரவில்லை. மேடத்துக்கும் வரவில்லை; அவர் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், உங்களுக்கு இப்ப என்ன வயசு?”

“அம்பத்திரண்டு.”

“எட்டு வருஷத்துக்கு முன்னாடி?”

மேலாளர் ஒரு கணம் விழித்தார். பிறகு கட்டிலை ஓங்கித் தட்டினார். “நாப்பத்தி நாலு! அன்னிக்கு எழுதின சீட்டுல இன்னிக்கு வயசு! முட்டாப்பய, கழிக்க மறந்துட்டான்!”

“மறந்தானா, மறந்த மாதிரி இருந்தானான்னு பார்க்கலாம்,” என்று மேடம் எழுந்தார்.

* * *

சீட்டில் போட்டிருந்த முகவரியில் கிளினிக் இல்லை. பஞ்சர் கடை இருந்தது.

கடைக்காரர் ஒரு டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி எங்கிருந்து வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். மேடம் வாயைத் திறக்கும் முன்பே அவர் தலையை ஆட்டினார்.

“டாக்டர் இல்லை. எப்பவும் இருந்ததில்லை. பதினாறு வருஷமா இங்க நான்தான். டியூபுக்கு மட்டும்தான் வைத்தியம்.”

“டாக்டரைத்தான் தேடறோம்னு எப்படித் தெரியும்?”

“கையில சீட்டு இருக்கே. மூணு வருஷமா ஒவ்வொருத்தரா வர்றாங்க. எல்லார் கையிலயும் இதே மாதிரிச் சீட்டு. ஒரு பெரியவர் என்னைத்தான் டாக்டர்னு நினைச்சுக் காலைப் பிடிச்சிட்டார். ‘என் சம்சாரம் உங்ககிட்ட வந்ததே இல்லைன்னு ஒரு வார்த்தை எழுதிக் கொடுங்க ஐயா’ன்னு. நான் என்னத்த எழுத? கை பூரா கிரீஸ்.”

மாத்திரையின் முகத்தில் இருந்த கிண்டல் இறங்கியது.

“எத்தனை பேர்ண்ணே?” என்றான்.

“எட்டோ பத்தோ. அதுல ஒரு பொண்ணு மூணு தடவை வந்துச்சு. கழுத்துல ஆஸ்பத்திரி அடையாள அட்டை. மொதல் தடவை அழுதுச்சு. ரெண்டாவது தடவை அழலை, தெருவைப் போட்டோ எடுத்துச்சு. மூணாவது தடவை வந்து, ‘அண்ணே, இந்த டாக்டரைத் தேடி யார் வந்தாலும் இந்த நம்பரைக் கொடுங்க’ன்னு எழுதிட்டுப் போச்சு.”

சுவரில் காற்றழுத்த அட்டவணைக்குக் கீழே கரியால் ஒரு தொலைபேசி எண்.

தெருமுனை தாண்டியதும் மாத்திரை நின்றான். “மேடம், கள்ளத்தனம் பண்றவ இப்படிச் சுவர்ல நம்பர் எழுதி வைப்பாளா?”

“தன்னைத் தேடி ஆள் வரணும்னு நினைக்கிறவ வைப்பா.”

“ஏன் வரணும்னு நினைக்கிறா?”

“அதைக் கேட்கத்தான் போறோம். நட.”

* * *

விசாரித்ததில், சுவரில் இருந்த எண் மேலாளருக்கு ஆபரேஷன் நடந்த ஆஸ்பத்திரியினுடையது. அதன் வெளித்தோற்றம் விமான நிலையம் மாதிரி இருந்தது. ஏழு மாடி, முழுக்கக் கண்ணாடி. எட்டாவது மாடிக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். தரைத்தளத்தின் கடைசி மூலையில் காப்பீட்டு கவுண்ட்டர். கண்ணாடித் தடுப்பில் கை நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை. முன்னால் நாற்பது நாற்காலி, நாற்பதிலும் ஆள். சுவரில் சிவப்பு எண் மாறும்போதெல்லாம் எல்லோரும் கையிலிருந்த டோக்கனைக் குனிந்து பார்த்தார்கள்.

கண்ணாடிக்குப் பின்னால் நாற்பத்திரண்டு வயதுப் பெண். வாரிக் கட்டிய தலை, சட்டைப்பையில் இரண்டு பேனா. வரிசையில் முதலில் நின்றவரிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

“அட்டையில இருந்த தொகை முதல் நாலு நாள்லயே முடிஞ்சிருச்சுப்பா. மீதிக்கு அப்ரூவல் கேட்டிருக்கேன். வரலை.”

“எப்பம்மா வரும்?”

“வந்ததும் நானே கூப்பிடறேன். சாப்பிட்டீங்களா? போய்ச் சாப்பிட்டு வாங்க. உங்க டோக்கனை நான் தள்ள மாட்டேன்.”

மேடத்தின் முறை வந்தது. அவர் ஒன்றும் பேசாமல் மேலாளரின் சீட்டு நகலை ஓட்டை வழியாக நீட்டினார். அவள் பார்த்தாள். ‘மூடப்பட்டது’ என்ற பலகையைக் கண்ணாடியில் தொங்கவிட்டுவிட்டுப் பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

“உள்ள வாங்க. இருபது நாளா எதிர்பார்த்துக்கிட்டிருக்கேன்.”

உள்ளே கோப்பு அடுக்கும் குறுகலான அறை. மூன்று பேர் நின்றால் நான்காவது ஆள் மூச்சுவிட முடியாது.

“நீங்கதான் எழுதினீங்களா?” என்றார் மேடம்.

“நான்தான். அச்சு அடிச்சது, எழுதினது, தபால்ல போட்டது எல்லாம் நான்தான்.”

மாத்திரைக்கு ஏமாற்றம் தாங்கவில்லை. “ஏங்க, கொஞ்சம் மறுத்திருக்கலாமே! நாங்களும் ரெண்டு நாள் அலைஞ்ச மாதிரி இருந்திருக்கும்.”

அவள் சிரிக்கவில்லை. அடுக்கிலிருந்து ஒரு கோப்பை உருவி மேடத்தின் கையில் வைத்தாள். முதல் பக்கத்தில் ஒரு மருந்துச் சீட்டு. அதே டாக்டர், அதே வட்ட முத்திரை, பள்ளிக்கூடக் கையெழுத்து. பத்து வருஷத்துக்கு முந்தைய தேதி. சர்க்கரை நோய். வயது முப்பத்தொன்று.

“என் தம்பி,” என்றாள். “வெல்டிங் வேலை. மேல கம்பி கட்டறாங்களே, அந்த மாதிரிக் கட்டடத்துலதான். கணையத்துல சீழ் வச்சுடுச்சு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இங்கதான் அஞ்சாவது மாடியில படுத்திருந்தான். கீழ இந்த கவுண்ட்டர்ல உக்காந்து நான்தான் அவனுக்கு அப்ரூவல் கேட்டேன். நாலு நாள். பெத்த பிள்ளை மாதிரி வளர்த்தேன் அவனை. அஞ்சாவது நாள் இந்தச் சீட்டோட ‘இயலாது’ன்னு வந்துச்சு. பணம் புரட்டிக்கிட்டு நான் மாடி ஏறினப்ப டாக்டர் எதிர்ல இறங்கி வர்றார்.”

வெளியே டோக்கன் எண் மாறும் மணி ஒலித்தது.

“சீட்டுல போட்டிருந்த தேதிக்கு அவனுக்கு இருபத்தி மூணுதான் வயசு. ராத்திரி பகலா அந்தச் சீட்டையே பார்த்துக்கிட்டிருந்தேன், அப்பத்தான் வயசு தெரிஞ்சுது. கம்பெனிக்கு எழுதினேன். பதில் வந்துச்சு. அடுத்த பக்கத்துல இருக்கு.”

மேடம் புரட்டினார். படித்தார். கீழே இருந்த கையெழுத்தைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். மாத்திரை எட்டிப் பார்க்க முயன்றான். அவர் கோப்பை மூடிவிட்டார்.

“இதே மாதிரிச் சீட்டு மொத்தம் எத்தனை?”

“இந்த கவுண்ட்டருக்கு வந்த வரைக்கும், என் தம்பியோடதையும் சேர்த்துப் பதினொண்ணு. பஞ்சர் கடை வழியா எல்லாரையும் பிடிச்சிட்டேன்.”

“அதனால பன்னிரண்டாவது நீங்க எழுதினீங்க.”

“ஆமா. அவங்க செஞ்ச தப்பைக்கூட விடாம காப்பி அடிச்சேன்.” அவள் அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றி மடித்து மேசையில் வைத்தாள். “நாளைக்குப் பத்து மணிக்கு நானே போலீஸ் ஸ்டேஷன் வர்றேன். அவரையும் கூட்டிட்டு வாங்க. ஓடிட மாட்டேன்.”

காரில் ஏறியதும் மாத்திரை வெடித்தான். “மேடம், நாம யாருக்கு வேலை பார்க்கிறோம்?”

“ஆளைக் கண்டுபிடிச்சுத் தரத்தான் காசு வாங்கினேன். ஆளைக் காட்டப்போறேன். அதோட சேர்ந்து வேற என்ன வெளிய வருதோ, அது அவர் அதிர்ஷ்டம்.”

“ஒரு தம்பி செத்ததுக்கு, பைபாஸ் பில்லைக் கட்ட வச்சதுதான் பழியா? என்னமோ பொருந்தலையே.”

“பில் இல்லைடா,” என்றார் மேடம். “பில் வெறும் தூண்டில் புழு.”

* * *

மறுநாள் மேலாளர் தைத்த மார்பைக் கையால் அணைத்துக்கொண்டு, மனைவியின் தோளைப் பிடித்தபடி ஸ்டேஷன் படியேறினார். முகத்தில் கல்யாணக் களை.

இன்ஸ்பெக்டரின் மேசைக்கு முன்னால் அவள் நின்றுகொண்டிருந்தாள். பின்பக்கம் சுவரோர பெஞ்சுகளில் இருபது இருபத்தைந்து பேர். ஏதோ வேறு வழக்கு என்று மேலாளர் நினைத்தார் போலிருக்கிறது. அவர்கள் பக்கம் திரும்பவே இல்லை.

“இவளா?” அவளை ஏற இறங்கப் பார்த்தார். “இவ கவுண்ட்டர்ல உக்காந்திருப்பாளே! என் மேல்முறையீட்டுப் பேப்பரையே இவகிட்டதானே கொடுத்தோம்!”

“ஆமா சார். ஓட்டை வழியா நீட்டினீங்க. முத்திரை போட்டு வாங்கினேன்.”

“எதுக்குடி செஞ்ச? நான் உனக்கு என்ன பாவம் பண்ணினேன்?”

“வார்த்தையை அளந்து பேசுங்க,” என்றார் இன்ஸ்பெக்டர். “நான் கேட்கிறதுக்குப் பதில் சொல்லுங்க. உங்க சத்தியப் பிரமாணத்துல இருக்கிறது பூரா உண்மைதானா?”

“ஒவ்வொரு எழுத்தும்!”

“இந்த டாக்டர்…”

“கிடையாது! பதிவேட்டுலயே இல்லை. அந்த முகவரியில கிளினிக் கிடையாது. முத்திரை போலி. வயசு தப்பு. அந்த டாக்டர் பேர்ல எந்தச் சீட்டு வந்தாலும் அது மோசடிதான். எந்தக் கோர்ட்லயும் சொல்வேன்.”

இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். படித்துக் காட்டினார். மேலாளர் கையெழுத்திட்டார். பேனாவின் அழுத்தத்தில் காகிதம் லேசாகக் கிழிந்தது.

மேடம் அப்போதுதான் கோப்பைத் திறந்து மேசையில் வைத்தார். “சார், இதையும் ஒரு தடவை படிங்க. ரெண்டு வருஷத்துக்கு முந்தைய லெட்டர்.”

மேலாளர் அலட்சியமாக எடுத்தார். உதடு அசைய அசையப் படித்தார்.

‘…தங்கள் தம்பியின் மருந்துச் சீட்டு போலி என்ற தங்கள் புகார் விசாரிக்கப்பட்டது. எங்கள் அதிகாரி மேற்படி மருத்துவரை அவரது கிளினிக்கில் நேரில் சந்தித்து, சீட்டு உண்மையானது என்று உறுதி செய்துகொண்டார்…’

உதடு நின்றது. கீழே அவருடைய கையெழுத்து.

“இதே வாசகத்தோட பதினொரு லெட்டர் இருக்கு,” என்றார் மேடம். “பதினொண்ணும் நீங்க போட்ட கையெழுத்து. இல்லாத டாக்டரைப் பஞ்சர் கடையில எந்த அதிகாரி சந்திச்சார் சார்?”

பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். ஒரு பெரியவர், பள்ளிச் சீருடையில் ஒரு பெண்ணோடு ஒரு அம்மா, ஊன்றுகோலோடு ஒருவர். குடும்பத்துக்கு ஒருவர் கையில் அதே மாதிரிச் சீட்டு.

“நான்… நான் சீட்டையெல்லாம் பார்க்கிறதில்லை,” என்றார் மேலாளர். “ஒரு நாளைக்கு நானூறு ஃபைல். கட்டுக் கட்டா வரும், கையெழுத்துப் போடுவேன்.”

“தெரியும் சார்,” என்றாள் அவள். “அதை நம்பித்தான் இறங்கினேன். அந்தப் பதினொண்ணுல ஒண்ணையாவது நீங்க கண்ணால பார்த்திருந்தா, உங்க சீட்டைப் பார்த்ததும் அடையாளம் தெரிஞ்சிருக்கும். சத்தம் போடாம பில்லைக் கட்டிட்டுப் போயிருப்பீங்க. நான் தோத்திருப்பேன். நீங்க பார்க்கவே இல்லை.”

“நான் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு வந்தப்பவே… நீ அப்பவே இந்தச் சீட்டை அனுப்பியிருந்தா…”

“செத்திருப்பீங்க. உங்க கோப்பு என் கையிலதான் இருந்துச்சு. ஒரு ராத்திரி பூரா வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அப்புறம் அப்ரூவலுக்கு நானே அனுப்பினேன். ஆபரேஷன் தியேட்டர்ல இருந்து உங்களை நல்லபடியா வெளிய கொண்டு வந்த பிறகுதான் தபால் பெட்டிக்குப் போனேன்.” அவள் குரல் உயரவே இல்லை. “செத்தவன் கையெழுத்துப் போட மாட்டான் சார். எனக்கு உங்க கையெழுத்து வேணும்.”

மாத்திரை மேலாளருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

அவர் உட்கார்ந்தார். மனைவி அவர் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டாள். கோப்பில் இருந்த பதினொரு சீட்டுகளையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க ஆரம்பித்தாள்.

“நான் திருடனில்லை,” என்றார் மேலாளர், யாரிடம் என்று தெரியாமல். “நாடே வளருது, ஊரெல்லாம் ஆஸ்பத்திரி, எல்லார் கையிலயும் அட்டை கொடுத்தாச்சு. அட்டைக்குப் பின்னாடி இருக்க வேண்டிய பணம் மட்டும் வளரலை. அரசாங்கம் தன் பங்கைக் கூட்டாது. ஆஸ்பத்திரி ரேட்டைக் குறைக்காது. மாதச் சந்தாவை ஏத்தினா ஜனம் ஓடிடும். நடுவுல யாராவது ஒருத்தன் ‘இல்லை’ன்னு சொல்லித்தானே ஆகணும்? நூத்துக்குப் பதினஞ்சு பேரைத் தள்ளணும்னு மேல இருந்து வரும். தள்ளக் காரணம் வேணும். காரணம் தேடித் தர ஒரு வெளியாள். தலைக்கு இவ்வளவுன்னு அவனுக்கு. அவன் எங்கிருந்து கொண்டு வர்றான்னு யாரும் கேட்கிறதில்லை.”

“நீங்க கேட்டீங்களா?” என்றாள் மனைவி. கையில் வெல்டிங்காரனின் சீட்டு இருந்தது.

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் அவளிடம் திரும்பினார். “உங்க மேலயும் கேஸ் உண்டும்மா. போலி ஆவணம் தயாரிச்சதுக்கு. வேலையும் போயிடும்.”

“வாக்குமூலத்தைக் காலையிலயே எழுதிக் கொடுத்துட்டேன் சார். என் ஃபைலை முதல்ல எடுங்க, பரவாயில்லை.”

இன்ஸ்பெக்டர் ஒரு வெள்ளைத் தாளை மேலாளரின் முன்னால் தள்ளினார். பேனாவை அதன்மேல் வைத்தார். “சீட்டுக் கொண்டு வந்த வெளியாள் பேரை எழுதுங்க.”

மேலாளர் வெகுநேரம் தாளையே பார்த்தார். பிறகு எழுதினார். இதற்குள் பெஞ்சில் இருந்தவர்கள் மேசையைச் சுற்றி நெருங்கி வந்துவிட்டார்கள். ஊன்றுகோல்காரர் அந்தப் பெயரைச் சத்தமாகப் படித்தார்.

அவள் மேசையின் விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்தாள்.

“அதுக்கு மேல?”

மேலாளர் நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தில் இரக்கம் இருக்கிறதா என்று தேடினார். இல்லை. குனிந்து இன்னொரு பெயரை எழுதினார். அவருடைய கம்பெனியின் துணைத் தலைவர் பெயர். நெற்றி வியர்வை காகிதத்தில் சொட்டியது.

“அதுக்கு மேல?” என்றாள்.